மிக்லோஷ் அவன் அம்மாவிடம் சொல்லாதது

மொழிபெயர்ப்பு என்பது அடுத்தவர் பேச்சை நம் வாயால் பேசிவிட்டு, திட்டை மட்டும் நம் பெயரில் வாங்கிக்கொள்ளும் தொழில். இதைப் படிக்கிறவர்களில் என் இனத்தார் யாராவது இருந்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். நன்றாக இருந்தால் மூல ஆசிரியரின் திறமை, சரியில்லை என்றால் மொழிபெயர்ப்பின் லட்சணம். நமக்கு இது பழகிப்போன விஷயம்தான்.

செங்கல்பட்டில் பத்திரப்பதிவு ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு ஒரு மேஜை உண்டு. பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, கிரயப் பத்திரம் எல்லாவற்றையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பது பிழைப்பு. பெரும்பாலும் வெளிநாடு போகிறவர்களின் காகிதங்கள். சாயங்காலம் வீட்டில், ஆசைக்கு, ஆங்கிலத்திலிருந்து நாவல் மொழிபெயர்ப்பேன். அப்படி வந்ததுதான் அந்த ஹங்கேரிப் பையன் கதை.

கதை எளிது. மிக்லோஷ் என்று ஒரு பையன். சின்ன வயதில் அம்மாவோடு ஹங்கேரியை விட்டுக் கனடா போகிறான். அப்பா ஊரிலேயே தங்கிவிடுகிறார். அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் வேலை. ஆங்கிலம் கடைசிவரை அவளுக்கு வரவில்லை. கடை, பள்ளிக்கூடம், வாடகை வீட்டுக்காரர், எங்கே போனாலும் பையன்தான் அவளுக்கு வாய். ஒருநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனிடம், உன் அம்மாவுக்கு வந்திருப்பது ஆறாத வியாதி, அவளிடம் எடுத்துச் சொல் என்கிறார். அவன் அம்மா பக்கம் திரும்பி, தங்கள் பாஷையில், சீக்கிரமே சரியாகிவிடுமாம் என்கிறான். மிச்சக் கதை முழுக்க அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு அவன் ஆளாகிறான்.

அந்த அத்தியாயத்துக்கு நான் கடைசிப் பிழைதிருத்தம் பார்த்து அச்சுக்கு அனுப்பிய வாரத்தில்தான் என் மனைவி ரெஜினாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நாள்பட்ட வயிற்று வலி, டெஸ்ட் எல்லாம் எடுத்திருந்தோம். வடநாட்டு டாக்டர், அவருக்குத் தமிழ் வராது. நம் ஊர் வழக்கப்படி ரெஜினாவை எடை பார்த்துவிட்டு வரச் சொல்லி நர்ஸோடு அனுப்பினார். அவள் வெளியே போனதும் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். வயிற்றில் புற்றுநோய், சென்னைக்குப் போய் உடனே சிகிச்சை ஆரம்பிக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. அவள் திரும்பி வந்து என்ன சொன்னார் என்று கேட்டாள். அல்சராம், மெட்ராஸில் ஒரு தடவை காட்டச் சொல்கிறார் என்றேன். அவள் அங்கன்வாடி டீச்சர். அல்சருக்கெல்லாம் மெட்ராஸ் எதுக்கு, பிள்ளைகளுக்கு எடை எடுக்கிற வேலை முடியட்டும், பார்த்துக்கலாம் என்றாள். நானும் சரி என்றேன்.

புத்தகம் வெளிவந்து வாசகர்கள் என்னைப் பிடித்துக்கொண்டபோது என் நிலைமை இதுதான். போதாததற்குப் பதிப்பாளர் பின்னட்டையில் என் செல் நம்பரைப் போட்டுவிட்டார். சக தொழிலாளிகளே, என்ன ஆனாலும் அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

செல்லாத கதை

முதல் வாசகர் பக்கத்து மேஜை தனபால். பத்திர எழுத்தர். எதைக் கையில் கொடுத்தாலும் பத்திரம் படிக்கிற மாதிரிதான் படிப்பார். யாருக்கு யார் வாரிசு, எந்தச் சொத்து யார் பெயரில், சாட்சி யார் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போவார். நாவலையும் அப்படித்தான் படித்தார். டாக்டர் அத்தியாயத்தை அவர் தாண்டும்போது நான் பத்திரம் படிக்கிற பாவனையில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். மனுஷன் கலங்கிவிட்டார் என்று நினைத்து நான் டீ சொன்னேன். கலங்கித்தான் இருந்தார், ஆனால் காரணம் வேறு. புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தைத் திருப்பி வைத்து விரலால் தட்டினார். டாக்டர் இடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். அது இரண்டு பேருக்குள் வாய்ப்பேச்சு, அதில் தனக்கு வேலை இல்லை என்றார். அவருக்குச் சிக்கல் அதற்கு ரொம்ப முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது.

"அப்பன் உயிரோட கீறான். பையன் மைனரு. அப்பன் கையெழுத்து இல்லாம எப்டி அண்ணாத்த பாஸ்போர்ட் குடுத்தான்? இந்தக் கதை செல்லாது."

யார் செத்தால் விற்கும்

பதிப்பாளர் நல்ல மனிதர். புத்தகக் கட்டுகள் அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன என்பதை என்னிடம் சொல்ல அவருக்குச் சங்கடம். அதனால் படிக்கு அடியில் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார். நான் புரிந்துகொண்டேன். வாசகர்கள் அந்த ஆஸ்பத்திரி அத்தியாயத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், மெல்ல மெல்லப் போகும் என்று ஆறுதல் சொன்னேன். 

"அம்மா செத்தா விக்காது சார். அது எல்லார் வீட்லயும் நடக்கறதுதான. பையன் செத்திருக்கணும்."

கிளப் ஹவுஸ்

கேளம்பாக்கத்தில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசகர் வட்டம் நடத்துகிறார்கள். எல்லாரும் ஐ.டி. வேலைக்காரர்கள். என்னைக் கூப்பிட்டு, கிளப் ஹவுஸில் ஏ.சி. போட்டு, சமோசா கொடுத்தார்கள். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த ஒருவர், அந்தப் பையனைப் பள்ளிக்கூடத்திலேயே கவுன்சிலிங் அனுப்பியிருக்க வேண்டும் என்றார். இன்னொருவர், ஆஸ்பத்திரி மேல் கேஸ் போட இடமிருக்கிறது என்றார். அங்கெல்லாம் மொழிபெயர்ப்பாளர் வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கும், வீட்டுப் பிள்ளையை வைத்துச் சொல்லவிடலாமா என்று நியாயம் கேட்டார். நான் இன்னொரு சமோசா எடுத்துக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து எல்லாரும் செல்போனைப் பார்த்துக்கொண்டே கலைந்தார்கள். காயத்ரி என்ற பெண் மட்டும் நின்றாள். இடுப்பைக் கட்டிக்கொண்டு அவள் மகன் நின்றான். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தான். அவளுடைய அம்மா செய்யாறு பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்து இவர்களோடு இருக்கிறாராம். பேரனுக்குத் தமிழ் வராது, அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. கதையில் தனக்குப் புரியாதது ஒன்றுமே இல்லை என்றாள். பிறகு ரொம்பத் தணிந்த குரலில் சொன்னாள்.

"அவங்க பேசறத இவன்கிட்டயும், இவன் பேசறத அவங்ககிட்டயும் நான்தான் சார் மாத்தி மாத்திச் சொல்றேன். அவனாவது கனடா போனான். நாங்க எங்கயும் போகலயே சார்."

ஏலம் முடிந்ததும் வந்த போன்

கடப்பாக்கத்திலிருந்து ஏழுமலை என்று ஒருவர் கூப்பிட்டார். கடல் தொழில். மகள் காலேஜிலிருந்து கொண்டுவந்த புத்தகத்தை, கடலுக்குப் போக முடியாத புயல் எச்சரிக்கை நாட்களில் படித்து முடித்திருக்கிறார். அன்றைக்கு மீன் ஏலம் முடித்த கையோடு கூப்பிடுகிறார். பின்னால் காக்கா சத்தமும் பெண்கள் விலை பேசுகிற சத்தமும் கேட்டன.

அவருக்குப் பையன் மேல் குறை இல்லை. டாக்டர் மேல்தான் கோபம். நோயாளியை எதிரிலேயே உட்கார வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறானே, அவன் என்ன டாக்டர் என்றார். நம் ஊரில் யாராவது அப்படிச் செய்வார்களா, வெளியே அனுப்பிவிட்டு வீட்டு ஆம்பளையிடம்தானே சொல்வார்கள், அந்த ஊரில் ஒரு எடை மெஷின்கூடவா இல்லை என்று கேட்டார். எனக்கு ஒரு கணம் இவர் எங்கள் கதையைத்தான் பேசுகிறாரோ என்று திக்கென்றது. அவர் பாட்டுக்கு அவர் அண்ணன் கதையைச் சொன்னார். ஈரலில் கட்டி. அண்ணனிடம் யாருமே சொல்லவில்லையாம்.

"கடைசி வாரம் வரைக்கும் கடலுக்குப் போய்கினு இருந்தாரு சார். பாட்டுப் பாடிகினு. சொல்லிட்டிருந்தா கரையிலயே குந்தி இருந்திருப்பாரு. அந்தப் பையன் பண்ணது கரீட்டு. நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத."

லைஃப் ஜாக்கெட்

ஏழுமலை கொடுத்த தைரியத்தில் நான் இரண்டு வாரம் நிம்மதியாக இருந்தேன். ரெஜினாவின் பிள்ளைகளுக்கு எடை எடுக்கிற வேலை முடிந்தது. அடுத்து சத்துமாவு வரும் என்றாள், அதற்கடுத்து இன்ஸ்பெக்ஷன் என்றாள். நானும் மெட்ராஸ் பேச்சை எடுக்கும்போதெல்லாம், சும்மா ஒரு செக்கப்தான் என்று நானே அதை இளக்கிவிட்டேன். ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று, ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, அல்சர் மாத்திரை சாப்பிட்டதில் உடம்பு இளைத்தது ஒரு நல்ல விஷயம் என்று சந்தோஷப்பட்டாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அந்த வாரம் ஸ்டெல்லா வந்தாள். முட்டுக்காட்டில் படகு சவாரிக்கு வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடும் வேலை அவளுக்கு. தம்பி கத்தாருக்குப் போவதற்குச் சான்றிதழ் மாற்ற வந்தவள், காத்திருந்த நேரத்தில் என் மேஜையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பாதியில் விட மனசில்லாமல் வீட்டுக்கே கொண்டுபோயிருந்தாள். இப்போது திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். மிக்லோஷ் என்று அவள் வாயில் வரவில்லை, மிக்கேல் என்றே சொன்னாள். நான் முந்திக்கொண்டு ஏழுமலையின் வாதத்தை அவளிடம் எடுத்துவிட்டேன். பாவம் அந்த அம்மா, தெரியாமல் இருந்ததால்தானே கடைசிவரை நிம்மதியாக இருந்தாள் என்றேன்.

ஸ்டெல்லாவின் அம்மாவும் அப்படித்தான் இருந்தாராம். எதுவும் தெரியாமல், அடுத்த மாதம் வேளாங்கண்ணி போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். இவர்களும் போகலாம் போகலாம் என்றார்களாம். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க ஒன்று இருந்தது, கேட்டால் சந்தேகம் வந்துவிடுமே என்று அதையும் கேட்கவில்லை. புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு அவள் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன்.

"கடைசி மூணு மாசம் எங்கம்மாகிட்ட நாங்க பேசினது பூரா பொய்யி சார். இப்ப அவங்கள நெனச்சா அதுதான் ஞாபகம் வருது. அத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

நிஜமான ஹங்கேரி

மாமல்லபுரத்தில் சேகர் என்று ஒரு கைடு. எனக்குப் பழைய வாடிக்கை. புத்தகத்தைப் படிக்கவில்லை, ஆனால் அட்டையைப் பார்த்திருக்கிறான். ஒரு சனிக்கிழமை காலையில் போன் பண்ணினான். ஒரு அம்மா வந்திருக்காங்க, நிஜமான ஹங்கேரி, ஓடி வா என்றான். நான் பஸ் பிடித்துப் போனேன். ஒரு சிற்பப் பட்டறையில் உளிச் சத்தத்துக்கு நடுவில், வேப்ப மரத்தடியில் ஸ்டூல் போட்டு அந்த அம்மாளை உட்கார வைத்திருந்தான். அறுபது வயது இருக்கும். பெரிய தொப்பி, சிரித்த முகம். தமிழ்ப் பக்கங்களை விரலால் தடவிப் பார்த்து, எங்கள் ஊர்ப் பையன் இந்த எழுத்துக்குள்ளேயா இருக்கிறான் என்று ஆச்சரியப்பட்டார். கதையைச் சொல்லச் சொன்னார்.

ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாயிற்று. டாக்டர் என்ன வார்த்தை சொன்னார் என்று கேட்டார். நாவலில் இருப்பதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது எங்கள் டாக்டர் சொன்னது. வயிற்றில் புற்றுநோய், உடனே சிகிச்சை ஆரம்பிக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. ஒரு மாதத்துக்கு மேலாக எனக்குள் அடைத்துக்கொண்டு கிடந்தது, ஆங்கிலத்தில், முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம், தடங்கலே இல்லாமல் வந்துவிட்டது. முதலில் அவர் கதை என்றே கேட்டார். என் மனைவி என்று நான் சொன்னதும் புரிந்துகொண்டார். மனைவிக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. இளநீரோடு வந்த சேகர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துப் பதறிப்போனான்.

"இன்னா சார் சொன்ன அவங்கள? காலைல இருந்து நல்லா சிரிச்சிகினு வந்தாங்க. இன்னும் அஞ்சு ரதம் காட்டணும் சார் நான்."

கூடுவாஞ்சேரி தாண்டி

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலிலிருந்து வந்து ரெஜினா பின்பக்கக் குழாயடியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொல்லிவிட்டேன். தமிழில் அதற்கு நல்ல வார்த்தை ஒன்றும் கிடைக்கவில்லை. கேன்சர் என்றே சொன்னேன். எப்போது தெரியும் என்று கேட்டாள், அதையும் சொன்னேன்.  மிச்ச மீனை ஆய்ந்து முடித்தாள், குழம்பு வைத்தாள், எனக்குப் பரிமாறினாள், அவளும் கொஞ்சம் சாப்பிட்டாள். மறுநாள் அவளே போய் லீவு சொல்லிவிட்டு வந்தாள். புதன்கிழமை காலை மின்சார ரயிலில் கிளம்பினோம்.

மூன்று நாளும் எங்கள் வீட்டில் உப்பு, தண்ணீர், சாவி தவிர வேறு பேச்சு இல்லை. அங்கே என்ன சொல்லப்போகிறார்களோ என்று எனக்குக் கவலை. அதைவிட, இந்த ஒன்றரை மாதத்தில் அது எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று நினைக்கவே பயம். கேட்டால் டாக்டர்கள் சொல்லிவிடுவார்கள், அதனால் கேட்கக்கூடாது என்றுகூட ரயிலில் ஒரு முட்டாள்தனமான முடிவு எடுத்து வைத்திருந்தேன்.

கூடுவாஞ்சேரி தாண்டியதும் ரெஜினா வாயைத் திறந்தாள். என் நாவல்களை அவள் படிப்பதில்லை. பேரெல்லாம் வாயில் நுழையவில்லை என்று வைத்துவிடுவாள். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள், போனில் பேசுகிறவர்கள் மூலம் கதை காதில் விழுந்திருக்கிறது. அந்தப் பையன் கடைசியிலாவது அவன் அம்மாவிடம் சொன்னானா என்று கேட்டாள். இல்லை என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். அவனுக்காக வாதாட ஆரம்பித்தேன். அம்மா மேல் உயிரையே வைத்திருந்தான், அந்த ஊரில் அவனுக்கு வேறு யாருமில்லை, அவள் உடைந்துபோவதைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை என்று அடுக்கினேன். எதிர் சீட்டில் இருந்தவர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு அவனுக்கு என்ன வயது என்று கேட்டாள். பதினாலு என்றேன்.  கல்யாணமானதிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள், எனக்கும் அதுதான் பிடிக்கும். அன்றைக்கு மரியாதை கொடுத்தாள்.

"அது பதினாலு வயசுப் புள்ள. பயந்துட்டுது, சொல்லல. உங்களுக்கு இன்னா வயசு?"

முழுசாக ஒரு நாவலை அந்தக் கனடாவிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டவன், ஒரு டாக்டர் சொன்ன இரண்டே வரியை ஆஸ்பத்திரியிலிருந்து தன் வீட்டுக்குக் கொண்டுவர ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டான் என்பதுதான் என் மொழிபெயர்ப்பு அனுபவத்தின் மொத்தச் சாரம்.